ஓரிரு இடங்களில்

திங்கள், காலை எட்டரை.
புனலைக் கழற்றிக் குடுவையைக்
கண்ணுக்கு நேரே பிடிக்கிறேன்.
பன்னிரண்டு புள்ளி நான்கு.
எஸ்டேட் ஆபீசில் என் வேலை இவ்வளவுதான்:
விழுந்து முடிந்த தண்ணீரை
எண்ணாக்கி ஏட்டில் ஏற்றுவது.

எட்டு நாற்பதுக்குப் போன் அடிக்கும்.
மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து நஞ்சப்பன்,
"வெள்ளிக்கிழமை எப்படிங்க, கிழங்கு லோடு இறங்குமா?"
காரட் தோட்டத்து மேட்டில் நின்று போஜன்,
"இன்னிக்கே பிடுங்கட்டுமா, ரெண்டு நாள் விடட்டுமா?"
காரமடையில் நாத்தனார் மகளுக்கு
ஐப்பசி நாலாம் தேதி சீர்.
பந்தலுக்குத் தகரமா துணியா என்று
மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டாள்.

நேற்றைய மழையைக் கையில் வைத்திருப்பவளுக்கு
நாளைய மழையும் தெரியும் என்று
இவர்களுக்கு யார் சொன்னது?

செய்தியில் தினமும் ஒரே வாசகம்:
மலை மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்
லேசானது முதல் மிதமான மழை,
சமவெளியில் வறண்ட வானிலை.

ஓரிரு இடங்கள்.
பஸ் போகாத, பெயர்ப்பலகை இல்லாத
அந்த இடங்களை நான் அறிவேன்.
போன வருஷம் அதில் ஒன்று
லைன் வீட்டுப் பூங்கோதையின் சமையலறை.
அடுப்பு மட்டும் நின்றது.
இன்னொன்று
குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவு.
அங்கே இப்போது தடுப்புச்சுவர் புதுசாக வெளுத்திருக்கிறது.

புரட்டாசியில்
பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள்.
ஒரே மாதம் இரண்டையும் எப்படிச் செய்யும் என்று
எனக்கு நெடுநாள் சந்தேகம்.
ஒருமுறை சித்திக்கின் காரட் லாரியில் இறங்கிப் போனேன்.
வளைவுக்கு ஒரு பட்டனாகக் கழன்று
பவானிப் பாலத்தில்
ஸ்வெட்டர் மடியில் கிடந்தது.
பொன் அங்கே உருகிக்கொண்டிருந்தது.
மண் இங்கே.
பழமொழியின் நடுவிலிருக்கும் கால்புள்ளி
முப்பத்து மூன்று கிலோமீட்டர் நீளம்.

செவ்வாயன்று காற்று நின்றது.
ஆனியிலிருந்து தொட்டபெட்டாப் பக்கமாக வந்து
முதுகைத் தள்ளிக்கொண்டிருந்த காற்று.
கொடியில் சட்டைகள்
கூப்பிட்டும் வராத பிள்ளைகள் போல
அசையாமல் தொங்கின.

புதன் மதியம்
அவை எதிர்ப்பக்கம் கை நீட்டின.
பள்ளத்தாக்கின் அடியிலிருந்து
மூடுபனி ஏறி வந்தது,
லாரிகள் ஏறும் அதே வேகத்தில்,
வளைவுகளில் திணறி, கியர் மாற்றி.
தேயிலைச் சரிவு முதலில் போயிற்று.
பிறகு கோயில் மணிக்கூண்டு. பிறகு என் கை.

வியாழன், எட்டரை.
குடுவையில் மூன்று புள்ளி இரண்டு.
விடிய விடியத் தகரம் அதிர்ந்ததைக் கேட்டுப் படுத்திருந்தவள் நான்.
புனலின் தொண்டையில்
சில்வர் ஓக் இலை ஒன்று
வெள்ளை முதுகைக் காட்டி ஒட்டியிருந்தது.
எடுத்ததும்
மேலே தேங்கியிருந்தது மளமளவென்று இறங்கியது.
விளிம்பில் வழிந்து புல்லுக்குப் போனதை
யார் அளப்பது?

அளவு இருபத்தொன்று என்று எழுதினேன்.
பதினோரு வருஷமாக வெறுமையாய் இருந்த
குறிப்புக் கட்டத்தில்
'இலை' என்று எழுதினேன்.
கோயம்புத்தூரில் யாரோ
அதைப் படித்துக் குழம்பட்டும்.

போன் அடித்தது.
"என்னங்க, நாளைக்கு?"
"உங்களுக்கு அங்கே எப்படி, நஞ்சப்பன்?"
"மண்டை பொளக்குது. காலையிலேயே
சாக்கு மேல கை வைக்க முடியல."
"அதேதான் நாளைக்கு இங்கே வரும்.
லோடு இன்னிக்கு ராத்திரியே இறக்கச் சொல்றேன்."

அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை.
பின்னால் தராசில்
யாரோ எடைக்கல் வைக்கும் சத்தம்.

போஜனுக்கு: பிடுங்குங்க.
நாத்தனாருக்கு: தகரம்.

புனலைத் துடைத்து மாட்டிவிட்டு
மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.
இன்னும் எத்தனையோ இலைகள்,
வெள்ளைப் பக்கம்
கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தன.